சோமர்ஃபெல்ட் என்றொரு வாத்தியார்

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களுக்கு சோமர்ஃபெல்ட் என்ற பெயர் தெரிந்திருக்கும். நீல்ஸ் போரின் அணு மாதிரிக்கு அடுத்து வருகிற பாடம். நீள்வட்டப் பாதைகள், ஒரு படம், நாலைந்து சமன்பாடுகள், அவ்வளவுதான். தேர்வு முடிந்ததும் மறந்துபோகிற பெயர்களில் ஒன்றாகிவிடும். ஐன்ஸ்டைனைப் பற்றியும் ஹைசன்பர்க்கைப் பற்றியும் கதை கதையாகப் பேசுகிறோம், ஆனால் இவர் எங்கே வேலை பார்த்தார், எப்படிப் பாடம் நடத்தினார், யாரெல்லாம் இவரிடம் படித்தார்கள் என்று வகுப்பில் யாரும் சொல்வதில்லை. இதில் எனக்கு நெடுநாள் ஆதங்கம் உண்டு, அதனால்தான் இந்தப் பதிவு.

ஒரு பேராசிரியரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் பொதுவாக அவர் கண்டுபிடித்தது என்ன, வாங்கிய விருது என்ன என்றுதான் தொடங்குவோம். அர்னால்ட் சோமர்ஃபெல்டின் கதையை அப்படித் தொடங்கினால் பாதிதான் வரும். அவர் முதலில் ஒரு வாத்தியார். பீட்டர் டிபை, வோல்ஃப்காங் பவுலி, வெர்னர் ஹைசன்பர்க், ஹான்ஸ் பெத்தே ஆகிய நால்வரும் அவரைக் கைடாக வைத்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள், நால்வரும் பின்னால் நோபல் பரிசும் வாங்கியவர்கள். முனைவர் பட்டம் முடித்துவிட்டு அவரிடம் கொஞ்ச காலம் வந்து இருந்தவர்களில் லைனஸ் பாலிங், இசிடோர் ராபி இருவருக்கும் நோபல் கிடைத்தது. 1922 ஜனவரியில் ஐன்ஸ்டைன் அவருக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் காலால் தரையைத் தட்டினாலே திறமையான இளைஞர்கள் மண்ணிலிருந்து முளைத்து வருகிறார்கள், இதுதான் உங்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது என்கிற மாதிரி எழுதினார். ஐன்ஸ்டைனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் பெயர் சொல்லும்படி ஒரு மாணவர் பரம்பரை உருவாகவே இல்லை.

சோமர்ஃபெல்ட் 1868 டிசம்பர் 5 அன்று கோனிக்ஸ்பர்க்கில் பிறந்தார். அன்று கிழக்கு பிரஷ்யா, இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். அங்கேயே கணிதம் படித்து 1891இல் முனைவர் பட்டம். பை என்பது விஞ்சிய எண் என்று நிரூபித்த லிண்டெமான்தான் அவருடைய கைடு (இந்த லிண்டெமான் கதையில் இன்னொரு தடவை வருவார்). பிறகு கோட்டிங்கனில் கனிமவியல் துறையில் உதவியாளர் வேலை, அடுத்து பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைனுக்கு உதவியாளர். கிளைனும் அவரும் சேர்ந்து பம்பரம் எப்படிச் சுற்றுகிறது என்பதைப் பற்றி நான்கு பகுதிகளாக ஒரு நூல் எழுதினார்கள். முதல் பகுதி 1897இல் வந்தது, கடைசிப் பகுதி 1910இல். பதின்மூன்று வருடம் பம்பரத்தோடு!

1897இல் கிளவுஸ்தாலில் இருந்த சுரங்கக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனார். 1900இல் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் துறை. கணிதக்காரன் வந்து நமக்கு என்ன சொல்லித் தரப்போகிறான் என்று பொறியாளர்கள் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. அவர் அவர்களுடைய பிரச்சினைகளையே எடுத்துக்கொண்டார். நம்மூரில் மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் டிசைன் டேட்டா புக்கைப் புரட்டி ஜர்னல் பேரிங் கணக்குப் போடும்போது சோமர்ஃபெல்ட் எண் என்று ஒன்று வரும். அது இவர்தான். சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது, தண்டு சுற்றும் வேகத்திலேயே அந்த எண்ணெய்க்குள் அழுத்தம் உண்டாகி அதுவே முழுப் பாரத்தையும் தூக்கிப் பிடிக்கிறது. எண்ணெயின் பாகுத்தன்மை, சுழலும் வேகம், பாரம், இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினால் பேரிங் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லிவிடலாம். 1904இல் செய்த வேலை இது. இயற்பியல் வகுப்பில் படிக்கும் சோமர்ஃபெல்டும் மெக்கானிக்கல் வகுப்பில் படிக்கும் சோமர்ஃபெல்டும் ஒரே ஆள் என்று இரண்டு துறைக்காரர்களுக்குமே பல நேரம் தெரிவதில்லை.

அப்புறம்தான் மியூனிக். அங்கே கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியராக இருந்த போல்ட்ஸ்மான் 1894இல் வியன்னாவுக்குக் கிளம்பிப் போனதிலிருந்து அந்த இடம் காலியாகவே கிடந்தது. எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் அங்கே சோதனை இயற்பியல் பேராசிரியராக வந்த பிறகு, இந்த நாற்காலிக்கு ஆள் போட்டே ஆகவேண்டும் என்று முயற்சி எடுத்தார். 1906இல் சோமர்ஃபெல்ட் வந்து சேர்ந்தார், வயது 37. ஆகனிலிருந்து தன் உதவியாளர் டிபையையும் கையோடு கூட்டிவந்தார். அதன்பின் அவர் மியூனிக்கை விட்டு எங்கும் போகவில்லை. 1927இல் பெர்லினில் மாக்ஸ் பிளாங்கின் இடத்துக்கே அழைப்பு வந்தது. ஜெர்மனியில் ஒரு கோட்பாட்டு இயற்பியலாளருக்கு அதைவிடப் பெரிய இடம் கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஷ்ரோடிங்கர் போனார்.

மியூனிக்கில் அவர் நடத்திய முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. வாரத்துக்கு நான்கு மணி நேரம் பொது வகுப்பு. இயந்திரவியல், நெகிழும் பொருள்களின் இயக்கம், மின்காந்தவியல், ஒளியியல், வெப்பவியல், இயற்பியலில் வரும் வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று ஆறு பாடங்கள், ஆறு பருவங்கள். மூன்று வருடத்தில் ஒரு சுற்று முடியும், மறுபடி முதலிலிருந்து. பெரிய பேராசிரியர் என்பதற்காக அடிப்படைப் பாடத்தை ஜூனியர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குகிற வேலையே கிடையாது. இதுபோக வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சிறப்பு வகுப்பு. அதில் அந்த மாதம் அவரே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் விஷயம்தான் பாடம், விடை தெரியாத கேள்விகளோடு. போரிடமிருந்தும் ஐன்ஸ்டைனிடமிருந்தும் வரும் கடிதங்களை மாணவர்களிடம் காட்டுவார், அவர்களோடு சேர்ந்து விவாதிப்பார். கட்டுரையாக அச்சில் வருவதற்கு எத்தனையோ நாள் முன்பே இருபது வயதுப் பையனுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

பாடம் வகுப்பறையோடு நிற்கவும் இல்லை. ஹோஃப்கார்ட்டன் பூங்காவை ஒட்டிய காபிக் கடையில் பளிங்கு மேசை மேலேயே சமன்பாடு எழுதி விவாதித்தார்கள். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு. பவேரிய மலைப்பக்கம் சுடெல்ஃபெல்டில் ஒரு குடில் இருந்தது, மாணவர்களும் அவரும் அங்கே போய்த் தங்குவார்கள், பகலெல்லாம் பனியில் சறுக்கல், இரவெல்லாம் இயற்பியல். ஜெர்மன் பேராசிரியர் என்றாலே மாணவன் பத்தடி தள்ளி நிற்கவேண்டும் என்றிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அதற்காக மரியாதை குறைந்துபோகவும் இல்லை. யாரை வேண்டுமானாலும் முகத்துக்கு நேரே கிழித்துவிடும் பவுலி, உலகப் புகழ் பெற்ற பிறகும், சோமர்ஃபெல்ட் எதிரே வந்தால் பள்ளிப் பையனைப் போலப் பணிவாக 'ஆமாம் ஐயா' என்பார்.

இந்தச் சூழலில்தான் 1912இல் ஒரு பெரிய விஷயம் நடந்தது. சோமர்ஃபெல்டின் மாணவர் எவால்ட், படிகங்களில் ஒளி போகும் விதத்தைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பற்றிச் சந்தேகம் கேட்க, சோமர்ஃபெல்டின் துறையிலேயே இருந்த மாக்ஸ் ஃபான் லாவேயிடம் போனார். பேசிக்கொண்டிருந்தபோது லாவேக்குப் பொறி தட்டியது: படிகத்தில் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்றால், எக்ஸ் கதிர் அலையாக இருந்தால், அந்த அடுக்கில் பட்டு விளிம்பு விளைவு (அலை வளைந்து பரவிப் புள்ளிக்கோலம் போடுவது) காட்டவேண்டுமே? சோமர்ஃபெல்டுக்கு முதலில் இதில் நம்பிக்கை இல்லை, வெப்பத்தில் அணுக்கள் ஆடிக்கொண்டே இருப்பதால் ஒன்றும் தெரியாது என்று நினைத்தார். ஆனாலும் அவருடைய உதவியாளர் ஃபிரிட்ரிஷும், க்னிப்பிங் என்ற ஆராய்ச்சி மாணவரும் செய்து பார்த்துவிட்டார்கள். காப்பர் சல்ஃபேட் படிகம், பின்னால் ஒரு புகைப்படத் தட்டு. தட்டைக் கழுவிப் பார்த்தால் நடுப்புள்ளியைச் சுற்றிக் கரும்புள்ளிகள். அதைப் பார்த்த கணமே சோமர்ஃபெல்ட் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, ஆய்வகத்தில் இருந்த வசதியெல்லாம் இதற்கே என்று கொடுத்துவிட்டார். ஜூன் 8 அன்று பவேரிய அறிவியல் கழகத்தில் கட்டுரையை முன்வைத்தவரும் அவர்தான். தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1914 நோபல் பரிசு லாவேக்குப் போனது.

சரி, அந்த நீள்வட்டத்துக்கு வருவோம். 1913இல் நீல்ஸ் போர் சொன்ன அணுவில் எலெக்ட்ரான் வட்டமாகச் சுற்றியது. ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளை (அது வெளியிடும் ஒளியைப் பிரித்தால் தெரியும் தனித்தனிக் கோடுகளை) அது அழகாக விளக்கியது. ஆனால் நல்ல கருவி வைத்துப் பார்த்தால் ஒரு கோடு ஒன்றாக இல்லை, மிக நெருக்கமாக இரண்டாகப் பிரிந்திருந்தது. சோமர்ஃபெல்ட் 1915, 1916இல் இரண்டு காரியம் செய்தார். பாதை நீள்வட்டமாகவும் இருக்கலாம் என்று இன்னொரு குவாண்டம் எண்ணை (எந்தெந்தப் பாதைக்கு அனுமதி என்று குறிக்கும் எண்) சேர்த்தார். அப்புறம், எலெக்ட்ரான் போகிற வேகத்துக்கு சார்பியல் கோட்பாட்டையும் கணக்கில் எடுத்தார். நீள்வட்டத்தில் கருவுக்கு அருகே வரும்போது வேகம் கூடும், நிறை கூடும், அதனால் நீள்வட்டமே மெல்லத் திரும்பிக்கொண்டு போகும். ஆற்றல் மட்டங்கள் துளி விலகும். கணக்கும் அளவீடும் பொருந்தின. இந்தக் கணக்கில்தான் 1/137க்கு மிக அருகில் வரும் அந்த எண், நுண்ணமைப்பு மாறிலி, முதன்முதலாக இயற்பியலுக்குள் நுழைந்தது. அந்த எண் ஏன் அந்த அளவில் இருக்கிறது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

இதில் எனக்கு ஆச்சரியம் தீராத ஒரு சங்கதி உண்டு. 1928இல் டிராக் என்ற இயற்பியலாளர் எலெக்ட்ரானுக்கான தன் புதிய சமன்பாட்டோடு வந்தார். எலெக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு, பாதை என்று ஒன்றே கிடையாது, எல்லாம் மாறிவிட்டது. அந்தச் சமன்பாட்டை ஹைட்ரஜனுக்குத் தீர்த்தால் வந்த ஆற்றல் மட்டங்கள் சோமர்ஃபெல்டின் 1916 சூத்திரம் கொடுத்தவையேதான். தற்சுழற்சியும் தெரியாமல், அலை இயக்கவியலும் தெரியாமல், அவர் சரியான விடைக்கு வந்திருக்கிறார். அந்த இரண்டையும் விட்டதால் வந்த பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன. அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பிழை எங்கே இருந்தாலும், கணக்கை அந்தக் கடைசித் துளிவரை போட்டுப் பார்க்கத் துணிந்தது அவர்தான்.

1919இல் அணு அமைப்பும் நிறமாலைக் கோடுகளும் பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது. அந்தத் தலைமுறை அணு இயற்பியலாளர்களுக்கு அது வேதப் புத்தகம். ஒவ்வொரு பதிப்பிலும் புது விஷயம் சேர்த்துக்கொண்டே போனார்.

பவுலி 1918இல் மியூனிக் வந்தார், வயது 18. கணிதக் கலைக்களஞ்சியத்துக்கு சார்பியல் பற்றி ஒரு கட்டுரை தேவைப்பட்டது. சோமர்ஃபெல்டே அந்தத் தொகுதியின் ஆசிரியர். ஊரில் எத்தனையோ பெரிய தலைகள் இருக்க, இந்தப் பையனிடம் கொடுத்தார். 1921இல் 237 பக்கங்களில் அது அச்சானது. இருபத்தோரு வயதுப் பையன் எழுதியது என்று யாரும் நம்பமாட்டார்கள் என்று ஐன்ஸ்டைனே மதிப்புரை எழுதினார். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து உலோகங்களின் எலெக்ட்ரான் கோட்பாடு பற்றிக் கைநூலுக்கு எழுதச் சொல்லி சோமர்ஃபெல்டைக் கேட்டபோது, அதில் பெரும்பகுதியை பெத்தேயிடம் விட்டார். தனக்கு வந்த நல்ல வாய்ப்பைத் தூக்கி மாணவனிடம் கொடுக்க எத்தனை கைடுகளுக்கு மனசு வரும்?

ஹைசன்பர்க் கதை வேறு மாதிரி. 1920இல் அவர் முதலில் சேரப் போனது கணிதத்துக்கு, அதே லிண்டெமானிடம். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார், ஹெர்மன் வைல் எழுதிய சார்பியல் நூலைச் சொன்னதும், அப்படியானால் நீ கணிதத்துக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டார். பிறகுதான் சோமர்ஃபெல்டிடம் வந்தார். சேர்ந்து சில வாரங்களுக்குள், காந்தப் புலத்தில் நிறமாலைக் கோடுகள் பிரியும் அளவீடுகளைக் கையில் கொடுத்து, இதற்கு என்ன குவாண்டம் எண்கள் பொருந்தும் பார் என்றார். அது அந்தக் காலத்தில் யாருக்கும் விடை தெரியாத சிக்கல். பையன் அரை எண்களோடு வந்து நின்றான். குவாண்டம் எண் என்றால் முழு எண்தான், அரையெல்லாம் கிடையாது என்று சோமர்ஃபெல்ட் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் லாண்டே என்ற இன்னொரு இயற்பியலாளர் அதே அரை எண்களை வெளியிட்டார். சோமர்ஃபெல்ட் செய்தது தவறுதான், ஹைசன்பர்க்குக்கு வருத்தமும் இருந்தது. ஆனால் முதல் பருவ மாணவனிடம் அந்தக் கேள்வியைக் கொடுத்ததும் அவர்தானே.

1923 ஜூலையில் ஹைசன்பர்க்கின் முனைவர் பட்ட வைவா. ஆய்வேடு நீரோட்டக் கொந்தளிப்பு பற்றியது. சோதனை இயற்பியலுக்கு வில்ஹெல்ம் வீன் உட்கார்ந்தார். அவருடைய ஆய்வக வகுப்பை ஹைசன்பர்க் சரியாகச் செய்யவில்லை என்ற கோபம் ஏற்கெனவே இருந்தது. ஃபேப்ரி-பெரோ குறுக்கீட்டுமானி என்ற ஒளியியல் கருவியின் பிரிதிறன் (மிக நெருங்கிய இரண்டைப் பிரித்துக் காட்டும் திறன்) என்ன என்று கேட்டார். தெரியவில்லை. நுண்ணோக்கியின் பிரிதிறன்? தெரியவில்லை. தொலைநோக்கி? அதுவும் இல்லை. சரி, பேட்டரி எப்படி வேலை செய்கிறது என்றாவது சொல் என்றார். அதற்கும் பதில் வரவில்லை. ஃபெயில் போடவேண்டும் என்பது வீனின் முடிவு. சோமர்ஃபெல்ட் முதல் தரம் கொடுத்தார், வீன் ஐந்தாம் தரம், சராசரியில் மூன்றாம் தரத்தோடு ஹைசன்பர்க் தப்பித்தார். அன்று மாலை சோமர்ஃபெல்ட் வீட்டில் விருந்து. சீக்கிரமே எழுந்து போய்விட்ட ஹைசன்பர்க், இரவு ரயிலைப் பிடித்து மறுநாள் காலை கோட்டிங்கனில் மாக்ஸ் போர்ன் எதிரே போய் நின்று, என்னை இன்னும் வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டாராம். இரண்டே வருடத்தில் குவாண்டம் இயக்கவியல் அந்தப் பையனிடமிருந்து பிறந்தது. அந்த வைவா அறையில் வீன் கேட்டதில் ஒன்றும் குறை இல்லை, அடிப்படைக் கேள்விகள்தான். 1927இல் நிச்சயமின்மைக் கட்டுரையில் இதே நுண்ணோக்கியின் பிரிதிறனில்தான் ஹைசன்பர்க் மறுபடி இடறினார், நீல்ஸ் போர் திருத்தினார். ஆனால் பையனிடம் என்ன இல்லை என்பதை வீன் பார்த்தார், என்ன இருக்கிறது என்பதை சோமர்ஃபெல்ட் பார்த்தார்.

1928இல் உலகச் சுற்றுப்பயணம் கிளம்பி இந்தியாவுக்கும் வந்தார். ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டு சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கல்கத்தாவில் ராமனைச் சந்தித்தார், பல்கலைக்கழகத்தில் அலை இயக்கவியல் பற்றித் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினார். அதைக் குறிப்பெடுத்து நூலாக்க உதவியவர் ராமனோடு வேலை செய்துகொண்டிருந்த கே.எஸ். கிருஷ்ணன், நம்ம வத்திராயிருப்புக்காரர். ஐரோப்பாவிலேயே பலருக்கு அலை இயக்கவியல் பிடிபடாத நேரத்தில் கல்கத்தா மாணவர்களுக்கு அது மூலஸ்தானத்திலிருந்தே கிடைத்தது. ஊர் திரும்பிய பிறகு, ஆராய்ச்சியில் இந்தியா ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சரிசமமாக வந்து நிற்கிறது என்று சோமர்ஃபெல்ட் எழுதினார். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த நாட்டைப் பற்றி 1929இல் எழுதியது இது.

நோபல் பரிசுக்கு அவர் பெயர் 84 தடவை பரிந்துரைக்கப்பட்டது. ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. நோபல் குழு ஒரு தனிக் கண்டுபிடிப்பைத் தேடியது, இவருடைய வேலையோ பல இடங்களில் பரவிக்கிடந்தது என்று காரணம் சொல்லலாம். நுண்ணமைப்புச் சூத்திரம் ஒன்றே போதும் என்பது என் கட்சி.

கடைசிப் பகுதி கஷ்டமானது. 1933இல் ஹிட்லர் வந்ததும் யூத வம்சாவளி ஆசிரியர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து நீக்கினார்கள். பெத்தேயின் தாய் யூதர், டூபிங்கனில் வேலை போயிற்று. சோமர்ஃபெல்ட் மியூனிக்குக்குக் கூப்பிட்டு உதவித்தொகை ஏற்பாடு செய்து, மான்செஸ்டரில் இடம் கிடைக்கவும் வழி பண்ணினார். இளம் வயதில் தீவிர தேசியவாதியாக இருந்தவர் அவர். 1934இல் ஐன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதத்தில், ஆட்சியாளர்கள் தேசியம் என்ற சொல்லைப் பாழாக்கியதில் அந்த உணர்வே தன்னை விட்டுப் போய்விட்டது, ஜெர்மனி ஒரு வல்லரசாக இல்லாமல் அமைதியான ஐரோப்பாவில் கலந்துபோனாலும் தனக்குச் சம்மதம் என்று எழுதினார்.

1935இல் ஓய்வு வயது வந்தது. தன் இடத்துக்கு ஹைசன்பர்க் வரவேண்டும் என்று விரும்பினார். சார்பியலும் குவாண்டமும் யூத இயற்பியல் என்று பிரசாரம் செய்துகொண்டிருந்த, இயற்பியலாளர் ஸ்டார்க்கின் நாஜி ஆதரவுக் கூட்டம் அதை விடவில்லை. 1937இல் ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் பத்திரிகையில் ஹைசன்பர்க்கை 'வெள்ளை யூதர்' (யூதராக இல்லாமலே யூதர்களைப் போல நினைப்பவர் என்ற வசை) என்று தாக்கி எழுதினார்கள். நான்கு வருடத்துக்கு மேல் இழுபறி, அதுவரை ஓய்வு பெற்ற மனிதரே வகுப்பை நடத்திக்கொண்டிருந்தார். 1939 டிசம்பரில் வில்ஹெல்ம் முல்லர் என்ற காற்றியக்கவியல்காரரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள், கோட்பாட்டு இயற்பியலில் ஒரு வேலையும் செய்யாதவர். நினைத்துப் பார்க்கக்கூடியதிலேயே மோசமான வாரிசு என்று சோமர்ஃபெல்ட் வெளிப்படையாகச் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேல் பாடுபட்டுக் கட்டிய பள்ளி அப்படித்தான் கலைந்தது. உலகப் போர் முடிந்ததும் முல்லரை நீக்கிவிட்டு ஃபிரிட்ஸ் பாப்பை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

வகுப்பு போய்விட்டது என்று அவர் சும்மா இருக்கவில்லை. அந்த ஆறு பருவப் பாடங்களையும் ஆறு தொகுதிகளாக எழுத உட்கார்ந்தார், எழுபது வயது தாண்டிய பிறகு, உலகப் போருக்கு நடுவே. 1951 மார்ச்சில் பேரப்பிள்ளைகளோடு நடந்து போனபோது கார் மோதி, ஏப்ரல் 26 அன்று காலமானார். வெப்பவியல் தொகுதி மட்டும் மிச்சமிருந்தது, பாப்பும் மெய்க்ஸ்னரும் அதை முடித்து வெளியிட்டார்கள். ஆறுமே ஆங்கிலத்தில் வந்துள்ளன, பழைய கல்லூரி நூலகங்களில் தேடினால் கிடைக்கும். எம்.எஸ்சி. படிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் இயந்திரவியல் தொகுதியை எடுங்கள், பம்பரம் வரும் அத்தியாயத்தைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் நேரே ஆறாவது தொகுதி, வகைக்கெழுச் சமன்பாடுகள்.